கடைசி வரிசையில் ஒருவர்

அஸர் தொழுகை முடிந்து வந்து, திண்ணையில் அமர்ந்து பத்திரிகையைப் பிரித்தேன். தங்கை வந்தாள், அவளுக்குப் பின்னால் அவள் மகளும் வந்தாள். தங்கையின் கையில் ஒரு சிறு துணிப்பை இருந்தது. அதற்குள் என்ன என்று கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. எங்கள் உம்மா மர்ஹூமா அவர்கள் அவளுடைய திருமணத்தின்போது போட்ட ஜோடி வளையல்கள் அந்தப் பையில்தான் அத்தனை ஆண்டுகளாக உறங்கிக் கிடந்தன.

"காக்கா, இதை அடகு வச்சுப் பணம் வாங்கணும். இன்னைக்கு ராத்திரிக்குள்ளே கட்டினா பாதி விலையாம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள்.

மருமகள் தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோருக்கான சான்றிதழ்ப் படிப்பு ஒன்றின் விளம்பரம் அதில் இருந்தது. வீட்டிலிருந்தபடியே இணையவழியில் பயிலலாம், மொத்தம் 300 மணி நேரம், உலகெங்கும் ஏற்கப்படும், வேலைக்கு வழிகாட்டப்படும். உண்மை விலை 64,000 ரூபாய். இன்று நள்ளிரவு வரை மட்டும் 32,000. அதன் அடியில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரமும் சில நிமிடங்களும் மீதம் என்று காட்டியது.

மருமகள் ஆங்கிலத்தில் எம்.ஏ. தேறியவள். அவள் கணவர் மஸ்கட்டில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதுகிறார். அவருடைய ஒரு சம்பளத்தில் அங்கே குடும்பம் நடத்த இயலாது. இருவரும் சம்பாதித்தால் இயலும். அவர்களுடைய நான்கு வயது மகன் தன் வாப்பாவைக் கைபேசியின் கண்ணாடிக்குள் வாழ்கிற ஒருவராகவே அறிந்திருக்கிறான். சபர் போன ஆண்களின் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வளர்ந்தார்கள் என்பது நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் இந்தப் பெண், அதை விதி என்று விட்டுவிட மனமில்லாமல், தன் படிப்பைக் கொண்டு அந்தக் கண்ணாடியை உடைத்துவிடலாம் என்று நினைத்தாள். வளையல் பை திண்ணைக்கு வந்தது அதற்காகத்தான்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாஸ்போர்ட் விண்ணப்பம் முதல் வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் வரை எதை நிரப்புவதானாலும் தெருவில் உள்ளவர்கள் என்னைத் தேடி வருவார்கள். ஆனால் அந்த மாலையில் என்னிடம் நீட்டப்பட்ட விளம்பரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே உண்மை. "சரி" என்று சொல்ல என் நாவு ஏறத்தாழத் தயாராகிவிட்டது. தெரியாது என்று சொல்ல வாத்தியார்களுக்கு எளிதில் வாய் வருவதில்லை.

என்னைத் தடுத்தது மருமகளின் முகம். அதில் ஆவலைவிட அச்சமே மிகுந்திருந்தது. "ஏன் புள்ள, இதற்கு முன்னே இப்படி ஏதாவது படிச்சியா?" என்று கேட்டேன். தாயின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். சென்ற ஆண்டு யாரிடமும் சொல்லாமல் 6,500 ரூபாய் கட்டி, 120 மணி நேரப் படிப்பு என்று பெயர் பெற்ற ஒன்றை நான்கே இரவுகளில் முடித்திருக்கிறாள். பாடத்தைப் படித்து, நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டால் போதும். தவறினால் மீண்டும் தொடலாம். ஐந்தாம் நாள் தங்க நிறக் கரையிட்ட சான்றிதழ் வந்துவிட்டது. அதைக் கொண்டு மஸ்கட்டில் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பித்தபோது, நேர்காணல் செய்த அம்மையார் மிக மரியாதையாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "நீங்கள் பாடம் நடத்தியதை யார் பார்த்தார்கள்?"

யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அவள் பாடமே நடத்தவில்லை. நேர்காணல் அத்துடன் முடிந்தது.

"இன்றைக்கு வேண்டாம். எனக்கு ஒரு மாதம் தாருங்கள்" என்றேன். "பாதி விலை போய்விடுமே காக்கா" என்று தங்கை பதறினாள். மறுநாள் காலை மருமகளை அழைத்து அதே விளம்பரத்தைத் திறக்கச் சொன்னேன். கடிகாரம் மீண்டும் 24 மணி நேரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. விலை அதே 32,000. தங்கை அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு துணிப்பை மீண்டும் பெட்டிக்குள் சென்றது.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கினோம். அவள் தேடுவாள்; நான் எழுதுவேன். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்த அந்தத் துணிப்பை வேறு பல வீடுகளிலும் பெட்டியிலிருந்து வெளியே வரக் காத்திருக்கக் கூடும்.

முதலில் பெயர்களைப் பற்றிய மயக்கம் தீர வேண்டும். டெஃபல் என்றும் டெசால் என்றும் விளம்பரங்களில் காண்கிறோம். இவை ஏதோ ஒரு பல்கலைக்கழகம் தரும் பட்டத்தின் பெயர்கள் என்று நானும் எண்ணியிருந்தேன். அப்படியன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கு அதைக் கற்பிக்கும் தொழிலையே அச்சொற்கள் குறிக்கின்றன. தையல் என்பது எப்படி ஒரு தொழிலின் பெயரோ, அப்படி. தையல் சான்றிதழ் என்று யாரும் அச்சிட்டுத் தரலாம். அவரிடம் ஊசி இருந்ததா என்பது வேறு கேள்வி. "சர்வதேச அங்கீகாரம் பெற்றது" என்ற சொற்றொடரும் அத்தகையதே. அங்கீகரித்தவர் யார், அந்த அங்கீகாரம் வழங்க அவருக்கு உரிமை கொடுத்தவர் யார் என்று இரண்டு படி ஏறிக் கேட்டால், சில இடங்களில் ஏணியே முடிந்துவிடுகிறது.

இத்துறையில் நெடுநாளாகப் பெயர் பெற்ற சான்றிதழ்கள் இரண்டு. ஒன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு வழங்கும் செல்ட்டா. மற்றொன்று, டிரினிட்டி காலேஜ் லண்டன் என்னும் தேர்வு வாரியம் வழங்கும் செர்ட் டெசால். செல்ட்டாவின் வேர் 1962இல் இருக்கிறது. ஜான் ஹேகிராஃப்ட் என்பவரும் அவர் மனைவி பிரிட்டாவும் லண்டனில் நடத்திவந்த இன்டர்நேஷனல் ஹவுஸ் என்னும் மொழிப்பள்ளியில், ஆசிரியர்களாகச் சேர விரும்பியோருக்கு அவ்வாண்டு ஒரு குறுகிய செயல்முறைப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் பேசத் தெரிந்தவரெல்லாம் ஆங்கிலம் கற்பிக்கத் தெரிந்தவர் அல்லர் என்பதே அந்தப் பயிற்சியின் அடிப்படை. அது வளர்ந்து, பிற்காலத்தில் கேம்பிரிட்ஜின் பொறுப்பில் வந்தது.

இப்போதைய செல்ட்டா குறைந்தது 120 மணி நேரப் படிப்பு. செர்ட் டெசால் குறைந்தது 130 மணி நேரம். இரண்டிலும் பயில்பவர் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் அமர்ந்து அதைப் பார்ப்பார். பாடம் முடிந்ததும் குறை நிறைகளைச் சொல்லுவார். செல்ட்டாவில் அந்த மாணவர்கள் வயதுவந்தவர்கள். ஒரே தரத்தினராக இல்லாமல் இரு வேறு தரத்தினராக இருத்தல் வேண்டும். நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. சேர்வதற்கு முன்பே ஒரு மொழித் தேர்வும் நேர்காணலும் வைக்கிறார்கள். முடிவில் தோல்வியும் அடையலாம். தோல்வி என்ற சொல்லே இல்லாத தேர்வில் வெற்றி என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மருமகள் தன் 6,500 ரூபாயை நினைத்துக் கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தோன்றவில்லை.

விளம்பரங்களில் 120 என்ற எண் ஏன் அத்தனை இடங்களில் வருகிறது என்பதும் இப்போது விளங்கியது. வேலை கொடுப்போர் பலர் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆகவே எல்லாக் கடைகளிலும் அந்த எண் தொங்குகிறது. அதைவிடப் பெரிய எண் விற்பனைக்கு நல்லது என்பதால் 180, 240, 300 என்று வளர்கிறது. அந்த மணிகளை எண்ணுவோர் யார்? நான்கு இரவில் முடிந்ததை 120 மணி என்று எழுதும் கை, எட்டு இரவில் முடிவதை 300 மணி என்று எழுதத் தயங்குமா?

இங்கிலாந்தில் தேர்வுகளையும் சான்றிதழ்களையும் கண்காணிக்க ஆஃப்குவால் என்னும் அரசு அமைப்பு இருக்கிறது. அதன் பதிவேட்டை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. செல்ட்டாவும் செர்ட் டெசாலும் அதில் ஐந்தாம் நிலையில் உள்ளவை. இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. ஐந்தாம் நிலை என்ற முத்திரை பெற்ற படிப்புகளிலும், ஒரு மாணவரின் முகத்தைக்கூடக் காணாமல் முடிந்துவிடுபவை உண்டு. அவை போலி அல்ல. படிக்க நல்ல பாடங்களும் அவற்றில் இருக்கலாம். ஆயினும் மஸ்கட் அம்மையாரின் கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது.

நிற்க.

இந்தக் கேள்வி என்னை வேறோர் இடத்துக்கு இழுத்துச் சென்றதை நான் மறைக்க விரும்பவில்லை.

1978ஆம் ஆண்டு. சென்னையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். பயிற்சிப் பாடம் நடத்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். எட்டாம் வகுப்பு. பொருள் செய்வினை, செயப்பாட்டுவினை. இரண்டு இரவுகள் விழித்துத் தயாரித்த பாடம் அது. எங்கள் பேராசிரியர் ஓசையின்றி வந்து கடைசி வரிசையில் பையன்களோடு அமர்ந்தார். மணி அடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கரும்பலகையை இரண்டு முறை நிரப்பி, இரண்டு முறை அழித்தேன். நன்றாக நடத்திவிட்டோம் என்ற நிறைவோடு அவரிடம் சென்றேன்.

அவர் தம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "நாற்பது நிமிடப் பாடம். முப்பத்தாறு நிமிடம் நீங்கள் பேசினீர்கள். மீதி நான்கு நிமிடத்தில் பையன்கள் எல்லோரும் சேர்ந்து 'யெஸ் சார்' என்றார்கள். ஆங்கிலத்தைக் கற்றது யார்?" என்று கேட்டார்.

எனக்கு உள்ளூரக் கோபம் வந்தது. பயிற்சிக் கல்லூரிக்காரர்களுக்கு உண்மையான வகுப்பறை தெரியாது என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். பட்டம் பெற்று 1979இல் வேலையில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு 2012இல் ஓய்வு பெறும்வரை என் வகுப்பின் கடைசி வரிசையில் அப்படி ஒருவர் அமரவே இல்லை. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள்; வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள்; தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்தார்கள். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே இருந்தது. நல்லாசிரியர் என்றே ஊரார் என்னைச் சொன்னார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி, என்னைக் காண வந்தார். பேரீச்சம்பழப் பெட்டியை என் முன் வைத்தார். பேச்சு வாக்கில், "சார், நீங்க சொல்லிக் கொடுத்த ஆக்டிவ் பாஸிவ் ஒண்ணுகூட மறக்கல. பரீட்சையில எண்பத்திரண்டு மார்க்கு. ஆனா அங்கே ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, எந்த இடத்துல வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல சார். மலையாளி நர்ஸ் ஒருத்தங்கதான் எனக்காகச் சொன்னாங்க" என்றார். என்னைக் குறை கூறுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. அன்று முப்பத்தாறு நிமிடம் நான் பேசியதன் விலையை வேறொரு நாட்டு மருத்துவமனைக் கட்டிலில் அவர் கொடுத்திருக்கிறார். என் வகுப்பிலிருந்து சபர் போனவர்கள் அவர் ஒருவர்தானா?

ஆகவே மருமகளின் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு அவளுடைய காரியமாக மட்டும் தோன்றவில்லை. நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதினேன்: "கடைசி வரிசையில் அமர்பவர் யார்?" ஒவ்வொரு படிப்பின் பெயரையும் எழுதி, இந்தக் கேள்வியை அதற்கு எதிரே வைத்தோம். பன்னிரண்டு பெயர்களில் ஒன்பதுக்கு எதிரே கோடுதான் போட நேர்ந்தது.

இன்னொரு உண்மையையும் காலம் தாழ்த்தாமல் தெரிந்துகொண்டது எங்கள் நல்ல காலம். எந்தக் கதவு என்று தீர்மானிக்காமல் சாவி வாங்கக் கூடாது. பள்ளிகளில் ஆசிரியை ஆக வேண்டுமானால், வளைகுடா நாடுகளில் உள்ள பள்ளிகள் பெரும்பாலும் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும் கேட்கின்றன. அந்த இடத்தில் எந்த டெஃபல் சான்றிதழும் பி.எட்.டுக்கு ஈடாகாது. வயதுவந்தோருக்குக் கற்பிக்கும் மொழிப் பயிற்சி நிலையங்களே செல்ட்டா போன்றவற்றை மதிக்கின்றன. கிழக்கே போனால் நிலைமை வேறு. வியட்நாமில் பட்டத்துடன் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழும் கேட்கிறார்கள். தென்கொரியாவில் உரையாடல் ஆங்கிலம் கற்பிப்பதற்கான விசா, பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 7 நாடுகளின் குடிமக்களுக்கே வழங்கப்படுகிறது; அங்கே நம்மவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பாஸ்போர்ட்டின் நிறமே முதலில் பேசும். வீட்டிலிருந்தே இணையவழியில் சீனக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம் என்று ஒரு காலத்தில் பலர் சம்பாதித்தார்கள். 2021 ஜூலையில் சீன அரசு தனிப்பயிற்சித் தொழிலைக் கட்டுப்படுத்தி, நாட்டுக்கு வெளியே இருக்கும் ஆசிரியர்களை அமர்த்தலாகாது என்று தடுத்தபோது அந்த வருமானம் பலருக்கு ஒரேயடியாக நின்றுபோயிற்று. விளம்பரங்களில் உலகெங்கும் என்ற ஒரு சொல் இருக்கிறது. உலகம் அப்படி ஒரே நாடாக இல்லை.

சான்றிதழ்கள் கடல் தாண்டிச் செல்லும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். அப்போஸ்டில் என்னும் முத்திரை ஒப்பந்தத்தில் இந்தியா 2005இலும் ஓமன் 2012இலும் இணைந்தன; ஸவூதி அரேபியாவில் 2022 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாடுகளுக்கு நம் பட்டச் சான்றிதழ், மாநில அரசின் சரிபார்ப்புக்குப் பின், வெளியுறவு அமைச்சகத்தின் அந்த முத்திரையோடு செல்லும். பிரிட்டனில் வழங்கப்பட்ட சான்றிதழுக்கோ அந்த முத்திரை பிரிட்டனிலேயே பெறப்பட வேண்டும். இச்செலவை எந்த விளம்பரமும் தன் விலையில் சேர்ப்பதில்லை.

உள்நாட்டை நாங்கள் மறக்கவில்லை. ஹைதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், ஆங்கிலம் கற்பிப்போருக்கெனவே சான்றிதழும் பட்டயமும் வகுத்த இடம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஆங்கிலம் கற்பித்தலில் ஒரு சான்றிதழ் வகுத்தது. உள்ளூரில் வேலை தேடும் ஒருவருக்கு இவற்றை நான் தயங்காமல் சொல்வேன். மருமகளின் கதவு மஸ்கட்டில் இருந்தது. கேட்ட கேள்வியும் அங்கிருந்து வந்தது.

இறுதியில் செல்ட்டாவையே முடிவு செய்தோம். 2020இல் பெருந்தொற்று வந்த பிறகு அதை முழுவதும் இணையவழியிலேயே பயில வகை செய்திருக்கிறார்கள். பாடம் நடத்துவதும் திரையின் வழியேதான். ஆனால் திரைக்கு அப்பால் உயிருள்ள மாணவர்கள் இருப்பார்கள், பயிற்சியாளரும் இருப்பார். செலவு எளிதன்று, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. தங்கை மீண்டும் பெட்டியைத் திறக்கப் போனாள். மருமகள் தடுத்தாள். "உம்மா, இந்தத் தடவை அவசரம் இல்லை. கடிகாரம் ஓடவில்லை" என்றாள். கணவர் மாதந்தோறும் கொஞ்சம் ஒதுக்குவது, என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பகுதி கடனாகத் தருவது, பத்து மாதங்கள் கழித்துச் சேர்வது என்று தீர்மானமாயிற்று. நான் அன்பளிப்பாகத் தருகிறேன் என்றதற்கு அவள் இசையவில்லை. கடன் என்று நோட்டுப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினாள்.

அந்தப் பத்து மாதங்களை அவள் வீணாக்க விரும்பவில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் பற்றி இலவசமாகக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தாள். ஓர் இரவு வாசலில் நின்று, "மாமா, பிரபு என்று ஒருவராமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே வாசித்துக் காட்டினாள். என்.எஸ். பிரபு என்னும் இந்தியர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியபோது, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார். பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது அது. இலக்கண விதியைச் சொல்லித் தராமல், இரயில் கால அட்டவணையையோ ஊர்ப்படத்தையோ கொடுத்து, ஒரு சிக்கலைத் தீர்க்கச் சொல்வார்கள். பிள்ளையின் மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழி உள்ளே படியும் என்பது அவருடைய துணிபு. 1987இல் அதை அவர் நூலாக வெளியிட்டார். வெளிநாட்டுப் பயிற்சிகளில் இன்று செயல்வழிக் கற்பித்தல் என்று பேசப்படும் முறைக்கு முன்னோடிகளில் ஒன்றாக அந்தச் சோதனையைச் சொல்லுகிறார்கள்.

1979. நான் வேலையில் சேர்ந்த அதே ஆண்டு. நான் கரும்பலகையை நிரப்பி அழித்துக்கொண்டிருந்த நாளில், இரயிலில் ஓர் இரவுத் தொலைவில், என்னுடைய மாணவர்களைப் போன்ற பிள்ளைகளே கால அட்டவணையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் யோசித்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, லண்டனைச் சுற்றிக்கொண்டு, என் மருமகளின் கைபேசி வழியே அந்தச் செய்தி என் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. கைச்சேதம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்களே, அதன் முழுப்பொருள் அன்று எனக்கு விளங்கியது.

டிரினிட்டியின் படிப்பைப் பற்றிய குறிப்பில் இன்னொன்றும் கண்டோம். ஆசிரியராகப் பயில்பவர் தான் சற்றும் அறியாத ஒரு மொழியைச் சில மணி நேரம் மாணவராக அமர்ந்து கற்க வேண்டுமாம். அப்போது பட்ட திகைப்பைக் குறிப்பாக எழுத வேண்டுமாம். முப்பத்துமூன்று ஆண்டுகளில் அந்த நாற்காலியில் நான் ஒரு நாளேனும் அமர்ந்து பார்க்கவில்லை.

சென்ற மாதம் மருமகள் ஒரு காரியம் செய்தாள். எங்கள் தெருவில் கணவரும் மகன்களும் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் ஆறு பேரைக் கூட்டி, வியாழக்கிழமைதோறும் மாலையில் தன் வீட்டு முற்றத்தில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினாள். கட்டணம் இல்லை. அவர்களில் ஒருவர் பாட்டி. மகனைப் பார்க்க விமானம் ஏறும்போது பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதல் வகுப்புக்கு முன்னால் மருமகள் என்னிடம் வந்து, "மாமா, நீங்க வந்து கடைசியிலே உட்காரணும். வாயைத் திறக்கக் கூடாது. கடிகாரம் கட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

சென்று அமர்ந்தேன். பெண்களுக்குப் பின்னால், கிணற்றோரம் ஒரு நாற்காலி. மருத்துவரிடம் வலியைச் சொல்வது அன்றைய பாடம். அதை அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. என் பழைய மாணவரின் கதையை அவள் மறக்கவில்லை போலும். ஒரு துணிப் பொம்மையைக் கையில் கொடுத்து, ஒருவரை மருத்துவராகவும் ஒருவரை நோயாளியாகவும் இருத்தினாள். பாட்டி தம் முழங்காலைத் தொட்டு, வெட்கத்தோடு, இரண்டே சொற்களில் அங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மீண்டும் சொன்னார், இம்முறை சற்று உரக்க.

எல்லோரும் சென்ற பின் மருமகள் என் முன்னால் வந்து நின்றாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. படிப்பே இன்னும் தொடங்கவில்லை. மஸ்கட்டின் கதவு திறக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம். அவள் கேட்டது அவற்றையெல்லாம் அன்று.

"எத்தனை நிமிஷம் பேசினேன் மாமா?"

"நாற்பதில் இருபத்திரண்டு."

அவள் முகம் சுருங்கிற்று. "அடுத்த வியாழன் குறைச்சுப்பேன்" என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தை வாங்கி, அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டாள்.